கலர்செக்கர் கிளாசிக்: அருங்காட்சியகப் படப்பதிவுக்கு எப்படி?

24 கட்டங்கள், அடிவரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 6 படிகள். பழம்பொருட்களைப் படமெடுப்பவர்களுக்கு, படத்தில் நிறம் சரியாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இந்த நிற அட்டை இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரிதான்.

பொருளின் மேற்பரப்பு உயரத்திலேயே அட்டையும் இருக்க வேண்டும். தடித்த சுவடிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தால் இரண்டிலும் விழும் ஒளி வேறுபட்டு, வெளிச்சக் கணக்கு தப்பும். வெள்ளைச் சமநிலைக்கு (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் நிறத்தைச் சரிசெய்வதற்கு), வெள்ளைக்கு அடுத்த சாம்பல் கட்டமே நல்லது. வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறத்தடங்களில் ஏதாவது ஒன்று உச்ச அளவைத் தொட்டு நிரம்பிவிட்டால் படம் முழுக்கச் சாயம் ஏறும்.

கட்டங்களைத் தொடவே கூடாது! விரல் எண்ணெய் பட்ட இடம் மினுங்கும். தேய்த்துத் துடைத்தால் மேட் பூச்சே பளபளத்துவிடும். வேலை முடிந்ததும் உறைக்குள் போடுங்கள், வெளிச்சத்தில் நிறம் மங்கும்.

ஒரே குறை, அளவு. காசு, பாசிமணிக்கெல்லாம் இது பெரிது; சிறிய அட்டை தனியாக வேண்டும்.