ஏசிக்குக் கீழே ஒரு சிவப்பு வாளி

வீட்டுக்குள் நுழைந்த இரவே பார்த்துவிட்டேன். அப்பா, அம்மா படுக்கும் அறையில் ஏசிக்குக் கீழே ஒரு சிவப்பு வாளி. சொட்டுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க அதற்குள் ஒரு பழைய துண்டு. "மூன்று மாதமாக இப்படித்தான்" என்றார் அம்மா, ஏதோ வீட்டில் புதிதாக வாங்கிய நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு விடுமுறை 19 நாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. வருடம் முழுக்கப் பக்கத்தில் இல்லாத குறையை ஒரே வாரத்தில் கடைக்குப் போய்த் தீர்த்துவிடப் பார்ப்பான். மறுநாள் காலையிலேயே புது ஏசிகளின் விவரங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டேன். அப்பாதான் தடுத்தார். "ஆறு வயதுதானே ஆகிறது. அதற்குள் ஏன் கழற்றி எறிய வேண்டும்?"

சர்வீஸுக்குப் பதிவு செய்து மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினான், "கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பினால் சரியாகிவிடும்" என்றான். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். போன கோடைக்கு ஒரு ரசீது, அதற்கு முந்தைய கோடைக்கு ஒரு ரசீது. இரண்டிலும் அதே வரி: கேஸ் நிரப்பியது. ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோல் அல்ல. ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அது எங்கே என்று கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை.

அடுத்து வந்தவர் ஏணியில்கூட ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே, "காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயில் போய்விட்டது, புதிது வாங்குவதுதான் லாபம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் திட்டத்தின் துண்டுத்தாள் வெளியே வந்துவிட்டது. உண்மையைச் சொல்வதானால், நான் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டேன். அவர் சொன்னது என் விடுமுறைக் கணக்குக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டார் அனுப்பிய வயதான மெக்கானிக். கருவிப் பெட்டியைத் திறக்கும் முன்பே அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் எப்போதம்மா சொட்டுகிறது? ஓடும்போதா, நிறுத்திய பிறகா?" எங்களில் யாரும் யோசிக்காத கேள்வி. அம்மாவிடம் மட்டும் பதில் தயாராக இருந்தது. "நிறுத்திய பிறகுதான். அரை மணி நேரம் கொட்டும், பிறகு நின்றுவிடும்."

முன்மூடியைக் கழற்றி ஏசியை ஓடவிட்டார். ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. அதில் தூசி அடைத்தாலும் இதே கூத்து நடக்கும் என்றார். இருபது நிமிடம் கழித்து டார்ச் அடித்துக் காட்டினார். காயிலின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக உறைபனி. கேஸ் குறையும்போது காயிலுக்குள் அழுத்தம் விழுந்து, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. காற்றின் ஈரம் தண்ணீராக வடியாமல் அங்கேயே பனியாக ஒட்டுகிறது. நிறுத்தியதும் அவ்வளவும் ஒரே நேரத்தில் உருகி, கீழே தண்ணீர் சேரும் தட்டு தாங்காமல் வழிகிறது. ஆக, வாளியில் விழுந்த தண்ணீர், கேஸ் ஒழுகியதன் விளைவு.

பிறகு மொட்டைமாடி. அவுட்டோர் யூனிட்டில் செப்புக் குழாய் சேரும் இடத்தில், பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. "கேஸ் தனியாக வெளியேறாது தம்பி, கம்ப்ரஸர் எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும்" என்றபடி சோப்பு நுரையைத் தடவினார். இரண்டு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி, அதன் தோளில் இன்னொன்று.

இருந்த கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டருக்குள் வாங்கிக்கொண்டார். இந்த ஏசியில் இருந்தது ஆர்-32 என்ற கேஸ், லேசாகத் தீப்பற்றக் கூடியது. குழாயின் முனையை வெட்டி, வாயை மறுபடி விரித்து, நட்டை அளவு பார்த்து இறுக்கினார். இன்னும் ஒழுகுகிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றி இரவு முழுக்க விட்டுவைத்தார். காலையில் கேஜின் முள் அசையாமல் இருந்தது. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்யூம் பம்ப் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதன் பிறகு யூனிட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்து, அதில் போட்டிருந்த எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்றினார். முந்தைய இரண்டு கோடைகளிலும் தராசை இந்த வீட்டில் பார்த்ததே இல்லை என்றார் அப்பா.

ஒழுக்கு இன்டோர் காயிலிலேயே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். உத்தரவாதம் இருந்தால் காயிலை மாற்றச் சொல்வேன் என்றார். இல்லாமல், வயதும் பத்தைத் தாண்டி, செலவு புதிய ஏசி விலையில் பாதியை நெருங்கினால் மாற்றிவிடுவதே நல்லது. அரித்துப்போன காயிலில் ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வாய் திறக்கும். அப்படியே கூடத்தில் இருந்த பழைய ஆர்-22 ஏசியையும் பார்த்தார். ஓசோன் படலத்துக்காக 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் ஒழிக்கப்பட்டுவரும் கேஸ் அது. அதில் ஆர்-32-ஐ ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது. அழுத்தம் மிக அதிகம். "ஓடுகிறவரை ஓடட்டும். ஒழுகினால் ஒரு பைசா செலவழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்."

விமானம் ஏறுவதற்கு முன் நான் செய்த ஒரே செலவு, ஏசியின் தண்ணீர்க் குழாய் வெளியே விழும் இடத்தில் வைக்க ஒரு கேன். இப்போது தொலைபேசியில் அப்பா உடல்நலத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்கிறார்: "நேற்று இரவு கேன் நிறைந்துவிட்டது. காலையில் செடிகளுக்கு ஊற்றினேன்."