ஆர்.பி. பயோ 226 நெல் விதை: கருகலைத் தாங்கும், குலைநோயைத் தாங்காது

கடையில் ஆந்திரா பொன்னி என்று வாங்கும் அரிசி பெரும்பாலும் பி.பி.டி. 5204 என்ற நெல் ரகம். சோறு நயம், விலையும் நிற்கும். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் அந்த நெல் தாங்காது. கிருஷ்ணகிரி அணை வாய்க்காலிலும் பாரூர் ஏரிப் பாசனத்திலும் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு வடியும். கிருமியும் கூடவே போகும். அப்படிப்பட்ட வயலுக்கு ஆர்.பி. பயோ 226 தாராளமாக வாங்கலாம்.

இது பி.பி.டி. 5204-இன் திருத்திய வடிவம். ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சி.சி.எம்.பி. என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2008-இல் வெளிவந்தது. கருகலை எதிர்க்கும் மூன்று மரபணுக்கள் இதில் உள்ளன: 5-ஆம் குரோமோசோமில் எக்ஸ்ஏ5, 8-இல் எக்ஸ்ஏ13, 11-இல் எக்ஸ்ஏ21. கடைசியது ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. முதல் இரண்டும் ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இரண்டு வழியிலும் வந்து சேர்ந்தால்தான் செடியில் எதிர்ப்பு தெரியும். அதனால் பி.பி.டி.யோடு திரும்பத் திரும்பக் கலக்கும்போது, மரபணு உள்ள செடி எது, இல்லாதது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. மரபணு இருக்கும் இடம் குரோமோசோம் வரைபடத்தில் முன்பே தெரிந்திருந்ததால், பக்கத்தில் உள்ள டி.என்.ஏ. மார்க்கரை, அதாவது அடையாளக் குறியை வைத்தே நாற்றிலேயே பொறுக்கினார்கள். நாலு முறை பி.பி.டி.யோடு கலந்ததால்தான் அரிசி பழைய நயத்திலேயே நிற்கிறது. ஒரே மரபணுவை நம்பினால் கிருமி மாறிக்கொண்டு தாண்டிவிடும்; மூன்றையும் தாண்டுவது அதற்குக் கடினம். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல, சாதாரணமாக நெல்லோடு நெல் கலந்து எடுத்த ரகம்தான்.

வாங்கும்போதுதான் சிக்கல். செடியும் மணியும் பி.பி.டி. மாதிரியே இருப்பதால் மூட்டையில் கலப்படம் இருந்தால் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. நீல அட்டை கட்டிய சான்று விதையாக, குவியல் (லாட்) எண், ரகப் பெயர் பார்த்து வாங்குங்கள். முளைப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை வைத்திருங்கள். ஏக்கருக்கு 16 கிலோ போதும். விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள்.

வயலில் இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வந்தால், காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டிய வாயிலிருந்து புகை மாதிரி வெள்ளையாகக் கசிந்தால் அது கருகல். கசியாவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். இந்த ரகத்தில் வரிசையெல்லாம் நன்றாக இருக்க, அங்கங்கே ஒரு குத்து மட்டும் கருகினால் விதைக் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குலைநோய் விஷயத்தில் பி.பி.டி.யின் பலவீனம் அப்படியே இருக்கிறது. அந்த மூன்று மரபணுவுக்கும் குலைநோய்ப் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லை. ஆடிக் கடைசியில் விதைத்தால் கார்த்திகையில் கதிர் வரும். அப்போது நம் பக்கம் இரவு குளிரும், விடியும்வரை இலையில் பனி நிற்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. கழுத்தில் பிடித்தால் கதிர் பதராகிவிடும். இலையில் நடுப்பகுதி சாம்பல் நிறமாக, இரு முனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளி தெரிந்ததுமே ஏக்கருக்கு 120 கிராம் ட்ரைசைக்ளசோல் 75 என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இரண்டு நோய்க்கும் இடம் கொடுத்தது போல. நாலு பங்காகப் பிரித்துப் போடுங்கள். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளவும் வேண்டாம், அந்தக் காயம் கிருமிக்கு வாசல்.

வயது 135 முதல் 140 நாள். கார்த்திகை முழுக்கத் தண்ணீர் உறுதி இல்லாத கிணற்றுப் பாசனத்துக்கு, தருமபுரி மேட்டு வயல்களுக்கு, இந்த விதையை வாங்க வேண்டாம். அங்கே குறுகிய வயது ரகம் பாருங்கள்.