பெங்ஹாகிமான் இங்கார் வந்துவிட்டது, யாரிடம் போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்கு அடியில் 12 நாள் கிடந்தது அந்த உறை. ஏதோ வரிக் கடிதம் என்று நினைத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் 'பெங்ஹாகிமான் இங்கார்'. நீங்கள் வராததால் எதிராளிக்குச் சாதகமாகக் கோர்ட் கொடுத்த தீர்ப்பு. பெரியம்மா மகன் வாங்கிய காருக்கு மாமா ஜாமீன் போட்டிருந்தார். காரை இழுத்துப் போய் ஏலம் விட்ட பிறகும் பாக்கி 14,000 வெள்ளியாம் (ரிங்கிட்).

"தம்பி, நான் கோர்ட் படியே ஏறினதில்லையே, எப்படித் தீர்ப்பு வரும்?"

வரும். சமன் (கோர்ட் அழைப்பாணை) சேர்ந்த 14 நாளுக்குள் கோர்ட்டில் 'கெஹாடிரான்', அதாவது வழக்குக்கு ஆஜராகிறேன் என்ற பத்திரம், பதியாவிட்டால் எதிராளி தீர்ப்பு வாங்கிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். விபூதித் தட்டுக்கடியில் போனது போக மிச்சம் 18. அதற்குள் ஏறி இறங்கிய இடங்கள் இவை.

முதலில் கோப்பிக்கடை. நம்ம ஊரில் எல்லாருக்கும் 'கேஸ் முடித்துத் தரும்' ஒரு ஆளைத் தெரியும். 800 வெள்ளி கேட்டார், ரசீது கிடையாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, அவர் மாமாவுக்காகக் கோர்ட்டில் எதையும் தாக்கல் செய்ய முடியாது. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து இலவச உதவி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன. தேசிய சட்ட உதவி அறநிறுவனம் குற்ற வழக்குகளுக்கானது. கடன் வழக்கோடு அங்கே போய் நிற்க வேண்டாம். ஜாபாத்தான் பந்துவான் குவாமான், அதாவது சட்ட உதவி இலாகா, அரசாங்கத்தினுடையது. வருமானத்தைப் பார்ப்பார்கள், சட்டத்தின் பட்டியலில் உள்ள வழக்குகளைத்தான் எடுப்பார்கள். விவாகரத்து, ஜீவனாம்சம், சொத்துப் பங்கு போன்றவைதான் அங்கே அதிகம். மூன்றாவது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். ஈப்போவில் எங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தது ஒரு பயிற்சி வழக்கறிஞர் பெண். பொறுமையாகப் படித்துவிட்டு, "அங்கிள், ஏ.ஆர். அட்டையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். மற்ற எல்லாரும் சேர்ந்து சொன்னதைவிட இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம். இலவச இடங்களில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: விண்ணப்பம், வருமானச் சான்று, ஒப்புதல் என்று நாள் ஓடும். ஆலோசனைக்குப் போங்கள். 18 நாள் கெடுவை மட்டும் அவர்களை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். சமனைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், வாங்கியவர் கையெழுத்துப் போட்ட அட்டை கோர்ட் கோப்பில் இருக்கும். பதிவகத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்த்தோம். முகவரி, தோட்டத்து லயன் வீடு. மாமா அதைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து நான்கு வருஷம். அட்டையில் இருந்தது யாரோ ஒருவருடைய கோணல் கையெழுத்து. மாமா தமிழில் 'மு' என்று ஆரம்பித்துத்தான் கையெழுத்துப் போடுவார். சமன் முறையாகச் சேரவில்லை என்றால் அது ஒரு வாதம். முறையாகச் சேர்ந்திருந்தால், வழக்கில் நமக்குச் சொல்ல நியாயமான எதிர்வாதம் உண்டு என்று காட்ட வேண்டும். இரண்டுக்கும் அஃபிடவிட் மலாயில் வேண்டும். நாமே வாதாட உரிமை உண்டு, சரி. ஆனால் நோட்டீஸ், அஃபிடவிட், கூடவே தீர்ப்பை நிறுத்திவைக்கக் கேட்பது என்று மூன்றையும் ஒரு பால்மரம் வெட்டியவர் தனியாகச் செய்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. ரத்து மனு போட்டதால் மட்டும் ஜப்தி தானாக நிற்காது, அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

அதனால் கடைசியில் பட்டணத்து லாயர். சின்ன ஆபீஸ்தான், ஆனால் மெஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் நிற்பவர். (1,00,000 வெள்ளி வரையிலான வழக்குகள் அங்கேதான்.) கட்டணத்தை முதலிலேயே பேசி, எழுதி வாங்குங்கள். ரத்து மனுவுக்கு மட்டுமா, வழக்கு முடியும் வரைக்குமா என்று கேளுங்கள். 'ஜெயித்தால் பங்கு' என்று யாராவது பேசினால், அது இங்கே சட்டப்படி கூடாது.

கடன் உண்மை, கையெழுத்தும் நம்முடையது, சமனும் வந்து சேர்ந்தது என்றால் என் யோசனை வேறு. லாயருக்குக் கொட்டாமல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனை இலவசம். தீர்ப்பை அவர்களால் அழிக்க முடியாது. மாதத் தவணைக்கு வழி சொல்வார்கள். கோர்ட்டிலும் தவணை கேட்கலாம். ஆனால் 'சமன் பெங்ஹுத்தாங் பெங்ஹாகிமான்' (தீர்ப்புக் கடனாளியைக் கோர்ட்டுக்கு அழைக்கும் சமன்) வந்தால் போகாமல் இருந்துவிடக் கூடாது, பிடிவாரண்ட் வரை போகும்.

மாமா பயந்ததெல்லாம் திவாலைப் பற்றித்தான். அதற்குக் கடன் 1,00,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். தவிர, சொந்த உபயோகத்துக் காருக்கு லாபம் பார்க்காமல் ஜாமீன் போட்டவரை 2017 திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் மனிதர் சாப்பிட்டார்.

27ஆம் நாள் மனுவைப் போட்டார் லாயர். பெரியம்மா மகன் இன்னும் போனை எடுக்கவில்லை.