உப்புத் தண்ணி ஊருக்கு எந்த ஹீட்டர்? கீசர், சோலார், ராடு பற்றி ஒரு மதிப்பீடு

கீசர் வாங்கக் கடைக்குப் போனால் ஐந்து ஸ்டார் இருக்கிறதா என்று பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம், எடுத்து வந்துவிடுகிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளுக்கு அது போதாது. இங்கே சுடுதண்ணிச் செலவில் ஸ்டாரைவிடப் பெரிய பங்கு இரண்டு விஷயங்களுக்கு உண்டு. ஒன்று, ஹீட்டரிலிருந்து குளியலறைக் குழாய் வரைக்கும் உள்ள தூரம். இன்னொன்று, ஹீட்டருக்குள் போகிற தண்ணியின் உப்பு. தூரம் கரண்ட் பில்லை ஏற்றும். உப்பு மெஷினின் ஆயுளைக் குறைக்கும். கடையில் இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை என்பதால், எந்த வகை ஹீட்டர் எந்த வீட்டுக்கு ஒத்துவரும் என்று இங்கே பார்ப்போம். கம்பெனிகளை ஒப்பிடவில்லை, வகைகளை மட்டும்தான்.

முதலில் கணக்கு. ஒரு யூனிட் கரண்ட் 860 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கும். எந்த ஹீட்டரானாலும் கம்பிச் சுருள் வைத்துச் சூடாக்கினால் இதுதான் கணக்கு, இதைத் தாண்ட முடியாது. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணி 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 18 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.33 யூனிட் ஆகும். நாலு பேர் வீட்டில், ஆளுக்கு ஒரு வாளி என்றால் ஒரு நாளைக்கு 1.3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இ.பி. ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்.

80 யூனிட் பெரிசா என்று தோன்றும். அது எந்த அடுக்கில் விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டண அட்டவணைப்படி பார்ப்போம். அதற்கப்புறம் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அடுக்குகள் அப்படியேதான். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1,425 ரூபாய் வரும். கீசரின் 80 யூனிட் சேர்ந்து 530 ஆனால் 2,190 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள 30 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் போடுவதோடு நிற்பதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஆக, 80 யூனிட்டுக்கு 765 ரூபாய். 500 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்குத்தான் சுடுதண்ணியில் மிச்சம் பிடிப்பதால் அதிக லாபம். 250 யூனிட் ஓடும் வீட்டில் சோலாருக்கு முதல் போட்டால், அது திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும்.

15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர். இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். நான்கு பேர் வரைக்கும், வாளிக் குளியலுக்குப் போதும். தொட்டியில் 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரைப் பச்சைத் தண்ணியோடு கலந்தால், குளிக்கிற சூட்டில் கிட்டத்தட்ட இரண்டு வாளி கிடைக்கும். 2,000 வாட் சுருள் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 16 நிமிஷம் எடுக்கும். ஆகவே குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டால் போதும். எழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு, எல்லோரும் குளித்து முடித்த பிறகும் அணைக்காமல் விடும் வீடுகளில்தான் யூனிட் வீணாகிறது.

ஸ்டார் லேபிளில் இருக்கும் எண், தொட்டி முழுக்கச் சுடுதண்ணியோடு 24 மணி நேரம் ஆனில் இருந்தால் சும்மாவே எவ்வளவு கரண்ட் போகும் என்பதைச் சொல்வது. அதில் 0.35 என்று இருந்து, கீசரை எப்போதும் ஆனிலேயே விட்டால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட் யாருக்கும் உதவாமல் போகும். தேவைக்குப் போட்டு அணைக்கும் வீட்டில் இந்த இழப்பு ரொம்பக் குறைவு. நாள் முழுக்க ஆனில் வைக்கிற வீடு ஐந்து ஸ்டாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். காலையில் மட்டும் போடுகிறவர்கள் அந்தப் பணத்தை நல்ல சுருளுக்குக் கொடுப்பது மேல்.

அணைக்கிற நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுடுதண்ணி வெளியே போகப் போக, பச்சைத் தண்ணி உள்ளே வரும். சுவிட்ச் ஆனில் இருந்தால் அந்தப் பச்சைத் தண்ணியும் சூடாகிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் குளித்து வந்த பிறகு தொட்டியில் 15 லிட்டர் சுடுதண்ணி சாயங்காலம் வரைக்கும் ஆறிக்கொண்டு கிடக்கும். அதனால் கடைசி ஆள் உள்ளே போகும்போதே அணைத்துவிட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கரண்டில் பெரிய மிச்சம் இதில்தான்.

இனி உப்பு. கோவையில் சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் கீசர் பல வருஷம் தொந்தரவில்லாமல் ஓடும். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணி மட்டும் உள்ள வீடுகளில் அதே மாடல் இரண்டாம் வருஷமே ஆர்.சி.சி.பி.யை, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்சை, தட்ட ஆரம்பிக்கும். சுருளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை படிவதால் கரண்ட் கூட ஆகும் என்று பலரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரியில்லை; சுருள் எடுக்கும் வாட் மாறாது, சூடும் கடைசியில் தண்ணிக்குத்தான் போகும். நடப்பது வேறு. சூடு வெளியேற முடியாமல் சுருளின் மேலுறை அளவுக்கு மீறிக் கொதித்து வெடிக்கும், உள்ளே ஈரம் இறங்கி எர்த்துக்குக் கரண்ட் கசியும், ஆர்.சி.சி.பி. விழும். தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் குழாய் மேலும் பாறை படிந்தால் அது சூட்டைத் தாமதமாக உணரும். தண்ணி தேவைக்கு மேல் கொதித்த பிறகே கட் ஆகும். பாறையால் கூடும் யூனிட் என்றால் அந்த வழியாக வருவதுதான்.

ஆகவே போர் தண்ணி வீட்டுக்கு இன்கோலாய் 800 என்ற நிக்கல் கலந்த உலோக உறையுள்ள சுருளோ, கண்ணாடிப் பூச்சு உள்ள சுருளோ கேட்டு வாங்குங்கள். சாதாரண செம்புச் சுருள் சீக்கிரம் போய்விடும். தெர்மோஸ்டாட்டை 60-லிருந்து 50-க்கு இறக்கினால் பாறை படியும் வேகம் நன்றாகக் குறையும். ஆனால் 50-க்குக் கீழே வைத்து நாள்கணக்கில் தேங்கவிடக் கூடாது, கிருமி வளரும். வாரத்துக்கு ஒரு தடவை 60-க்கு ஏற்றிவிடுங்கள். தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணியில் வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். விரல் தடிமன் கம்பி பென்சில் மாதிரி ஒல்லியாகி, உள்ளே உள்ள இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதைச் செய்யாமல் விட்டுத்தான் பல தொட்டிகள் வெல்டில் ஓட்டையாகின்றன. தொட்டி ஓட்டையானால் ரிப்பேர் இல்லை, புதுசுதான்.

சர்வீஸின்போது கீசர் லைனின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, உள்ளே வரும் வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்துத் தொட்டியை வடிக்க வேண்டும். அடியில் உள்ள தட்டை போல்ட் கழற்றி இறக்கினால் சுருளும் கம்பியும் சேர்ந்து வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு, சுருளை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பாறை நுரைத்துக் கழன்றுவிடும். கழிப்பறை ஆசிட் ஊற்றவே கூடாது. சில மெக்கானிக்குகள் நேரம் மிச்சம் என்று ஊற்றுவார்கள்; அது உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மாட்டும்போது கேஸ்கெட் புதுசாகப் போடுங்கள். முக்கியமாக, சுடுதண்ணிக் குழாயில் காற்றில்லாமல் தண்ணி சீராக வரும் வரைக்கும் சுவிட்சைப் போடாதீர்கள். வெறும் தொட்டியில் சுருள் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட். 3,000 வாட் என்று பெரிசாக எழுதியிருந்தாலும், 20 டிகிரி ஏற்ற நிமிஷத்துக்கு 2.1 லிட்டர்தான் தரும். ஒரு வாளி நிறைய எட்டு நிமிஷத்துக்கு மேல். ஷவருக்கு ஆகாது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, நல்ல தண்ணி லைனில் மாட்டினால் அருமையான சாமான். தேங்கி ஆறுவது கிட்டத்தட்ட இல்லை. உப்புத் தண்ணி லைனில் மாட்டாதீர்கள். சின்ன இடத்தில் பெரிய வாட் என்பதால் பாறை வேகமாகப் பிடிக்கும். 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு வயரிங்கில் 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் தனியாக இழுத்த பிறகு மாட்டுங்கள்.

இமெர்ஷன் ராடு. யூனிட் கணக்கில் இதுவும் மட்டமில்லை. தேவையான வாளியை மட்டும் சூடாக்குகிறது, குழாயில் இழப்பில்லை. 1,500 வாட் ராடு ஒரு வாளிக்குக் கால் மணி நேரத்துக்குள் போதும். குறை பாதுகாப்பில்தான்: ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணியைத் தொட வேண்டும்.

சோலார், கண்ணாடிக் குழாய் வகை. கொங்கு நாட்டு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நாலைந்து பேருக்கு 150 முதல் 200 லிட்டர். தெற்குப் பார்த்து, 20 முதல் 25 டிகிரி சாய்வில் நிறுத்தினால் குளிர்கால வெயில் நன்றாக விழும். செம்புத் தகடு வகையில் தண்ணி மெல்லிய குழாய்களில் ஓடுவதால் உப்பு அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகையில் உப்பு படிந்தாலும் குழாயைக் கழற்றிக் கழுவலாம். அதனால் போர் தண்ணிக்கு இதுதான். ஆனால் உள் தொட்டியைக் கவனியுங்கள். எஸ்.எஸ். 304 என்ற எவர்சில்வர் தொட்டி குளோரைடு அதிகமான தண்ணியில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். 316 எல், இல்லையென்றால் கண்ணாடிப் பூச்சுத் தொட்டி கேளுங்கள்.

மாட்டும்போது நடக்கும் தப்புகள் மூன்று. பச்சைத் தண்ணித் தொட்டியின் அடி, சோலார் தொட்டியின் உச்சியைவிட உயரத்தில் இல்லாமல் வைப்பது. அப்போது மேல் பாதிக்குத் தண்ணியே ஏறாது. காற்றுக் குழாயைப் பச்சைத் தண்ணித் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே விடுவது, சும்மாவே வழியும். நடுப்பகல் வெயிலில் காய்ந்த வெறும் குழாய்க்குள் தண்ணி விடுவது. சடாரென்று விரிசல் விடும். காலையில் வெயில் ஏறுமுன் நிரப்புங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை பக்கம் ஸ்டாண்டை மாடித் தளத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தோட்டத்துச் சாளை வீட்டில் தென்னைக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள்; ஒரு காய் விழுந்தால் இரண்டு மூன்று குழாய் போகும். எந்தக் குழாய் கெட்டிருக்கிறது என்று பார்ப்பது சுலபம்: நல்ல குழாயின் நுனி வெள்ளி மாதிரிப் பளபளக்கும், வெற்றிடம் போன குழாயின் நுனி பால் வெள்ளையாகிவிடும்.

சோலாரில் கரண்ட் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பேக்கப் சுருளில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் வெயில் இல்லையென்றால் அதைப் போடுவார்கள். 150 லிட்டரையும் 20 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் ஆகும், குளிப்பவர் இருவராக இருந்தாலும். மழை நாளுக்கு வாளியும் ராடுமோ, கீழே ஒரு சின்ன கீசரோ வைத்துக்கொள்வது மலிவு.

அடுத்தது தூரம். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. குழாய் மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், முதல் 5 லிட்டர் பச்சையாகவே வரும். குளித்து முடித்ததும் 5 லிட்டர் சுடுதண்ணி குழாயிலேயே தங்கி ஆறும். அரை இஞ்சாகக் குறைத்தால் இது பாதியாகும், ஆனால் உப்பு சீக்கிரம் அடைக்கும். சூடு ஆறாமல் இருக்கக் குழாய்க்குக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை போடுவது நல்லதுதான். வெயில் படும் இடத்தில் அதன் மேல் அலுமினியம் டேப் சுற்றாவிட்டால் பொடிந்துவிடும். உறை போட்டாலும் காலைத் தண்ணி சாயங்காலம் வரை சூடாக நிற்காது. ஆகவே கீழ்த்தளத்தில் ஒரே குளியலறை என்றால் சோலாரை விட அங்கேயே ஒரு கீசர் மேல். ஒற்றைப் பிடிக் குழாயில் கை கழுவும்போது பிடியைப் பச்சைப் பக்கம் முழுக்கத் திருப்பிவிடுங்கள். நடுவில் விட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுடுதண்ணி கிளம்பி, வந்து சேராமலே ஆறிவிடும்.

பெரிய கூட்டுக் குடும்பம், விடுதி, ஆஸ்பத்திரி என்றால் ஹீட் பம்ப் பார்க்கலாம். காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணிக்கு மாற்றுவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். நம்ம ஊர்ச் சூட்டுக்கு நன்றாக ஓடும். விலை அதிகம், காற்றோட்டமான இடமும், சொட்டும் தண்ணிக்கு வடிகாலும் வேண்டும். நாலு பேர் வீட்டுக்குத் தேவையில்லை. தோட்டத்தில் தென்ன மட்டையும் சிரட்டையும் சும்மா கிடக்கிறவர்கள், நடுவில் புகைப்போக்கி உள்ள செம்பு பாய்லரை இன்னும் வெளியே தள்ள வேண்டியதில்லை. புகை வீட்டுக்குள் வராமல் வெளிவாசலில் வைத்தால் போதும்.

இரண்டு லைன் உள்ள வீட்டுக்காரர்கள் பலர், ஹீட்டருக்கு மட்டும் நல்ல தண்ணியும் பச்சைத் தண்ணிக் குழாய்க்குப் போர் தண்ணியும் கொடுக்கிறார்கள். நல்ல யோசனை. நாலு பேருக்கு நாளைக்கு 70, 80 லிட்டருக்குள்தான் ஆகும். ஆனால் மிக்ஸர் குழாயில் இரண்டும் சந்திக்கும். தொட்டிகளின் உயரம் வேறு வேறாக இருந்தால், அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து மற்ற லைனுக்குத் தண்ணி ஏறும். நல்ல தண்ணித் தொட்டியில் உப்பு கலந்துவிடும். மிக்ஸருக்கு முன்னால் இரண்டு லைனிலும் தண்ணியை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். பிளம்பர் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள். தண்ணியின் கடினத்தன்மையை, அதாவது பாறை படிய வைக்கும் உப்பின் அளவை, கரைந்த மொத்த உப்பையும் சேர்த்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் தனியாகச் சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கது என்று சொல்வது லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது அனுமதிப்பது 600 வரை. 600-ஐத் தாண்டினால், கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி இல்லாமல் எந்த ஹீட்டருக்கும் பெரிய விலை கொடுக்காதீர்கள். சோலார் வாங்கும்போது உள் தொட்டியின் உலோகத்தை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்; வாரண்டி அட்டையில் கடினத் தண்ணிக்குப் பொருந்தாது என்ற வரி இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.