போர்ட்டல் 2, ரிவென், டாலோஸ் 2: இரண்டாம் பாகத்தில் எது ஜெயிக்கிறது, ஏன்?

சுடுகிற விளையாட்டில் முதல் பாகத்தை முடித்தவரின் கைப்பழக்கம் இரண்டாம் பாகத்துக்கு மூலதனம். புதிர் விளையாட்டில் அதே பழக்கம் பாரமாகிவிடுகிறது. சூட்சுமம் ஒருமுறை பிடிபட்டால் அது செலவாகிவிட்டது. அதே புதிரைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தால் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். ஆகவே ஃபர்ஸ்ட் பெர்சன் (பாத்திரத்தின் கண் வழியே பார்த்து ஆடும்) புதிர் விளையாட்டின் இரண்டாம் பாகம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்: எல்லாம் தெரிந்துவிட்ட ஆளுக்கு இனி என்ன தருவது?

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொன்ன மூன்று விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். வால்வ் 2011-இல் வெளியிட்ட போர்ட்டல் 2, மிஸ்ட் என்ற முதல் பாகத்தைத் தொடர்ந்து சயன் 1997-இல் கொண்டுவந்த ரிவென், குரோடீமின் 2023 வெளியீடான டாலோஸ் பிரின்சிபிள் 2. என் ஓட்டு போர்ட்டல் 2-க்கு. காட்சி, இசை, கதையில் இந்த மூன்று விளையாட்டுகளுமே தத்தம் முதல் பாகத்தைவிடப் பல படி மேலே. அதைத் தனியாக அலசத் தேவையில்லை. முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: புதிதாக வந்த பொருள் பழைய செயலோடு கலக்கிறதா, அல்லது பக்கத்தில் தனியாக நிற்கிறதா?

போர்ட்டலில் கையில் உள்ள கருவியால் சுட்டு, சுவரிலோ தரையிலோ கூரையிலோ இரண்டு வாசல்கள் திறக்கலாம். அதன் விதி ஒன்றே ஒன்று. இந்த வாசலில் நுழைந்தது அந்த வாசலில் வரும், வேகம் குறையாமல். இரண்டாம் பாகம் இந்த விதியைத் தொடவே இல்லை. அதன் வழியே போகக்கூடிய பொருள்களை மட்டும் கூட்டியது: லேசர் கதிர், ஒளிப்பாலம், ஆளைத் தூக்கிச் செல்லும் நீலச் சுழல்குழாய், பரப்பில் பூசினால் அதன் குணத்தை மாற்றும் மூன்று நிற ஜெல்கள்.

நீல ஜெல்லை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குழாயிலிருந்து அது ஓரிடத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஏற வேண்டிய மேடை அறையின் மறுபக்கம். ஜெல் விழும் தரையில் ஒரு வாசல், மேடைக்கு முன்னால் உள்ள தரைக்கு நேர்மேலே, கூரையில் இன்னொன்று. இப்போது ஜெல் அங்கே கொட்டித் தரையை நீலமாக்குகிறது. அதன்மேல் விழுபவரை விழுந்த உயரத்துக்கே திருப்பி எழுப்பும் குணம் அதற்கு. ஆக எவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கிறோம் என்பதே அடுத்த கேள்வி. அந்த உயரத்தைத் தேடித்தர மறுபடியும் வாசல்களே வேண்டும். ஆரஞ்சு ஜெல் ஓடும் வேகத்தைக் கூட்டும். ஆரஞ்சுப் பட்டையின் முனையில் ஒரு திட்டு நீலம் இருந்தால் உயரத்தோடு தூரமும் சேரும். வெள்ளை ஜெல் பட்ட சுவரில் வாசல் திறக்கலாம், அதாவது ‘எங்கே திறக்கலாம்’ என்ற கேள்வியே நம் கைக்கு வருகிறது. அது எதை அரைத்துச் செய்தது என்று ஒரு பழைய ஒலிப்பதிவு போகிற போக்கில் சொல்லும். கடைசிக் காட்சியில் அந்த ஒரு தகவலே வழி காட்டும். இதற்குமேல் சொன்னால் ஆடாதவருக்குத் துரோகம்.

சேர்த்ததைவிட நீக்கியதில்தான் அவர்களின் தெளிவு தெரிகிறது. முதல் பாகத்தில் சுவரில் மோதி மோதித் திரும்பும் ஆற்றல் உருண்டை இருந்தது. பட்டால் சாவு, சரியான இடத்தில் வாசல் வைத்திருந்தாலும் அடுத்த உருண்டை வரும்வரை காத்திருக்க வேண்டும். விடை தெரிந்த பிறகும் காக்க வைப்பது புதிரல்ல. இரண்டாம் பாகத்தில் அதன் இடத்தில் லேசர். கதிர் இடைவிடாமல் வருவதால் வாசல் சரியான இடத்தில் திறந்த நொடியே இலக்கு எரிகிறது, தவறானால் எங்கே தவறியது என்பதையும் கதிரே காட்டிவிடுகிறது. பறக்கும்போது குறிபார்த்துச் சுடும் வேலையின் பெரும்பகுதியை, எப்போதும் ஒரே பாதையில் தூக்கியெறியும் தாவுபலகை எடுத்துக்கொண்டது.

பழையவரையும் புதியவரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததும் பாராட்ட வேண்டியது. முதல் பாகத்தில் இரண்டு வாசலும் திறக்கும் கருவி 11-ஆம் அறையில்தான் கைக்கு வரும். இரண்டாம் பாகத்தில் முதலில் கருவியே இல்லை, பிறகு ஒரு வாசல் மட்டும் திறப்பது, அப்புறம் குப்பை எரிக்கும் கூடத்தில் முழுக் கருவி. பாடம் அதேதான், ஆனால் விரைவில் முடிகிறது. பாழடைந்த பழைய அறைகளைக் கடந்து போவதால் தெரிந்தவருக்கும் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது.

வால்வ் முதலில் தொடங்கியது வாசல்களே இல்லாத ஓர் இரண்டாம் பாகத்தை. பொருளைப் படம்பிடித்து வேறிடத்தில் வேறு அளவில் வைக்கும் கேமரா அதன் மையம். நல்ல யோசனைதான், ஆனாலும் ஆடிப்பார்த்தவர்கள் வாசல்களைத் தேடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பெயரை நம்பி வருபவர் அந்தச் செயலைத்தான் நம்பி வருகிறார்.

குறை இல்லாமல் இல்லை. வாசல் திறக்க இடம்கொடுக்கும் வெள்ளைச் சுவர் மிகக் குறைவாக உள்ள அறைகளில் விடை தானாகச் சுருங்கிவிடுகிறது: திறக்க இரண்டே இடம் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? பூமிக்கடியில் உள்ள பழைய பிரமாண்டக் கூடங்களில் நேரெதிர்த் தொல்லை. எங்கோ இருட்டில் ஒரே ஒரு வெள்ளைத் திட்டு. அங்கே நடப்பது தேடல், சிந்தனை அல்ல.

நிறக் கதிர்களை இலக்குகளுக்குச் செலுத்தி வழி திறப்பதே டாலோஸின் அடிப்படை. டாலோஸ் 2 எடுத்த வழி பரப்பு. 12 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 8 முதன்மைப் புதிர்கள், கூடவே மறைந்திருப்பவை இரண்டு, தங்கக் கதவுக்குப் பின்னால் ஒன்று. சுவரில் துளையிடும் கருவி, சிவப்புக் கதிரை நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றிவிடும் கருவி, இரு நிறக் கதிர் வாங்கி மூன்றாம் நிறம் தரும் கருவி என்று புதுசு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் அருமையான யோசனை. சிக்கல் எங்கே என்றால், ஒரு கருவியைக் கற்று முடிக்கும் நேரத்தில் அந்தப் பகுதி முடிந்து அடுத்த பகுதியில் மறுபடி எளிதிலிருந்து தொடக்கம். துளைக் கருவி அறிமுகமாகும் பகுதியில் தடுமாறினால் ‘எங்கே துளைக்கலாம்’ என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கடினமானவை பெரும்பாலும் தங்கக் கதவுக்குப் பின்னால் போய்விட்டன.

ஆனால் நீக்கிய விஷயத்தில் இவர்களும் சரியாகவே யோசித்தார்கள். முதல் பாகத்தில் கண்ணிவெடியும் தானியங்கித் துப்பாக்கியும் கொன்று புதிரைத் தொடக்கத்துக்குத் தள்ளும். இங்கே அந்த இரண்டும் இல்லை. நம் அசைவையே பதிவுசெய்து அதோடு சேர்ந்து வேலைசெய்யும் ரெக்கார்டரும் போய்விட்டது. பதிவில் ஒரு பிசகு என்றால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டியிருந்த தொல்லை அதோடு ஒழிந்தது, முதல் பாகத்தின் ஆழமான புதிர்கள் சிலவும் அதோடு ஒழிந்தன. இது லாபமா நட்டமா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை.

ரிவென் வேறு சாதி. அதில் கருவியே கிடையாது. கிளிக் செய்வது மட்டும்தான். தெரிந்துகொள்ள வேண்டியது உலகத்துக்குள் இருக்கிறது, எனவே புது உலகம் என்றால் புது அறிவு. பள்ளிக்கூட அறையில் ஒரு பொம்மை இருக்கும்: இயக்கினால் ஓர் எண்குறி தோன்றும், தொங்கும் உருவம் அத்தனை படி கீழே இறங்கும். அதை எண்ணி எண்ணியே எண்களைக் கற்க வேண்டும். ஒன்றின் குறியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஐந்து என்பது பிடிபடும் நொடிக்கு ஈடு இந்த மூன்றிலும் இல்லை. ஆனால் அதே விளையாட்டு, 25க்கு 25 கட்டப் பலகையில் வண்ணக் கோலிகளை வைக்கச் சொல்லும்போது, தவறினால் எது தவறென்று சொல்லாது. சரிபார்க்கத் தீவு தீவாகத் திரும்ப நடக்க வேண்டும். 1997-இல் ஐந்து சிடிக்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. 2024-இல் சயனே இதை மறுபடி உருவாக்கியபோது சில புதிர்களை மாற்றியமைத்தது. அந்த மாற்றம் சுலபமாக்கியதா என்று பழைய விடை தெரிந்தவர் சொல்லும் தீர்ப்பை, என்னுடையதையும் சேர்த்து, கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாகம் செய்ய நினைப்பவர் ஒரு தாளில் கட்டம் போடலாம். பழைய செயல், புதுப்பொருள்கள் எல்லாவற்றையும் மேலேயும் பக்கத்திலும் எழுதி, எந்தெந்த இரண்டு சேர்ந்தால் புதிதாக ஏதாவது நடக்கும் என்று நிரப்ப வேண்டும். ஒளிப்பாலமும் வாசலும்: பாலம், கூடவே எதிரியான தானியங்கித் துப்பாக்கிக்குத் தடுப்பு. சுழல்குழாயும் ஜெல்லும்: ஜெல் மிதந்து போகும். நீல ஜெல்லும் தானியங்கித் துப்பாக்கியும்: துப்பாக்கி துள்ளி ஓடும். காலிக் கட்டங்கள் அதிகம் என்றால் பொருளைக் குறைப்பது நல்லது. கியூப் 2 என்ற இன்னொரு புதிர் விளையாட்டு இதை அழகாகச் செய்தது. அதில் கட்டையின் நிறமே அதன் வேலையைச் சொல்லும்: முதல் பாகத்தில் கட்டைகளின் நிறம் முன்பே முடிவானது, இரண்டாம் பாகத்தில் எந்தக் கட்டைக்கு எந்த நிறம் என்பதை ஆடுபவரே முடிவுசெய்வார். பொருள் கூடவில்லை, முடிவெடுக்கும் இடம் கூடியது.

போர்ட்டல் 2-இன் இருவர் ஆட்டமும் அந்த வழிதான். விதி அதே, ஆளுக்கு இரண்டாக நான்கு வாசல். ‘இங்கே திற’ என்று சுட்ட ஒரு குறிகாட்டி. அதில் ஒருவர் மட்டும் முன்பே முடித்தவராக இருந்தால் மற்றவருக்கு ஒன்றும் மிஞ்சாது, குறிகாட்டியே விடையைச் சொல்லிவிடும். இருவரும் ஆடாத ஜோடியாகத் தொடங்குங்கள்.