கேரவனுக்கு ஆட்டோமேட்டிக் டிஷ் வாங்கப் போகிறீர்களா? 13,800 ரேண்ட் விட்டவன் சொல்கிறேன், நில்லுங்கள்

நேற்று சாயங்காலம் மூன்றாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. 13,800 ரேண்ட். சும்மா இல்லை. கேரவனில் ஊர் சுற்றும்போது டிவி தெளிவாகத் தெரிய என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் கேரவன், டிரெய்லர் சாமான் விற்கிற கடை. நெட்டிலும் விளம்பரம் போடுவார்கள். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். மார்ச் கடைசியில் பள்ளி விடுமுறை. டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில், வின்டர்டன் பக்கம், ஆறு நாள் கேரவனில் தங்குவதாகத் திட்டம். மாமியாரையும் அழைத்துப் போக வேண்டும். அவருக்கு எழுபத்தெட்டு வயது, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பாதிதான் புரியும், ஆனால் சீரியலை மட்டும் ஒரு நாள் விடமாட்டார். "மலையில டிவி வருமா? வந்தா வர்றேன்" என்று ஒரே பிடிவாதம். பிள்ளைகளும் "ஆயா வரலேன்னா நாங்களும் வரலை" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று தேடும்போது கண்ணில் பட்டது இந்த விளம்பரம். கேரவன் கூரையில் உட்கார வைக்கிற வெள்ளைக் கூண்டு. உள்ளே டிஷ் தானாகச் சுற்றி சாட்டிலைட்டைக் கண்டுபிடிக்குமாம், பட்டனை அழுத்தினால் போதுமாம். பார்க்க இட்லிக் குண்டானைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அதன் பெயரே குண்டான்தான்.

கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் "வணக்கம்ணா, வாங்க, உக்காருங்க" என்றார். இந்த ஊரில் கடையில் தமிழ் காதில் விழுவது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது, அந்த ஒரு "அண்ணா"வில் விழுந்துவிட்டேன். எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போவீர்கள், ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலுக்கு வருவீர்களா என்றெல்லாம் பேச்சு. டீ வேறு. நம்ம ஆள் என்று நினைத்தேன்.

அப்புறம் பின்பக்கம் பட்டறைக்குள் அழைத்துப் போனார். மேஜை மேல் குண்டான், பக்கத்தில் ஒரு டிகோடர் (செட்டாப் பாக்ஸ்), சுவரில் டிவி. பட்டனை அழுத்தினார். குண்டானுக்குள் உர்ர்ர் என்று ஏதோ சுற்றியது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரையில் தமிழ்ச் சேனல். மாமியார் பார்க்கிற அதே சேனல்! போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். கறுப்புக் கேபிள் ஒன்று மேஜைக்குப் பின்னால் இறங்கி, காலண்டர் தொங்கிய சுவர்ப் பக்கம் போனது. பார்த்தேன், ஆனால் அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

குண்டான் 11,500. கூரையில் பொருத்த 1,800. 'புரோகிராம்' செய்ய 500. மொத்தம் 13,800 ரேண்ட். கார்டு நீட்டினேன். "மெஷின் வேலை செய்யலைண்ணா, இஎஃப்டி போட்டுடுங்க" என்றார், அதாவது பேங்கிலிருந்து நேராகப் பணத்தை அனுப்ப வேண்டும். அங்கேயே நின்று போட்டேன். இந்த நாட்டில் டிவி வாங்கப் போனால் லைசென்ஸ் எங்கே என்று கேட்பார்கள், இந்தக் குண்டானுக்கு ஒரு கேள்வியும் கிடையாது, பணம் மட்டும் போதும்.

மலைக்குப் போய் முதல் நாள் சாயங்காலம் பட்டனை அழுத்தினேன். உர்ர்ர். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. திரையில் 'சிக்னல் இல்லை'. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

கடைக்கு வாட்ஸ்அப் அடித்தேன். "மேகமா இருக்கும்ணா." வானம் நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது, படம் எடுத்து அனுப்பினேன். "மரம் மறைக்கும்ணா." கேரவனைத் திறந்த புல்வெளிக்கு மாற்றினேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா." நாற்பது தடவை செய்திருப்பேன். அதற்கப்புறம் இரண்டு நீல டிக் மட்டும்தான், பதில் இல்லை.

மறுநாள் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஆஃப்ரிகான்ஸ் பேசுகிற பெரியவர் வந்து பார்த்தார். எழுபது வயதிருக்கும். இங்கே அந்த வயதுக்காரர்களை 'ஊம்' என்போம், மாமா மாதிரி. அவரிடம் சாதாரண 80 சென்டிமீட்டர் டிஷ், முக்காலியில் நிற்கிறது, அடியில் தண்ணீர் கேன் கட்டியிருக்கிறார். அவ்வளவுதான். பளிச்சென்று படம். குண்டானைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கடையில் இதை எங்கே வைத்துக் காட்டினார்கள்?"

"உள்ளே, பட்டறையில்."

"கூரை?"

தகரக் கூரை. சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற டிஷ்ஷுக்கு எந்த சாட்டிலைட் தெரியும்? அந்தக் கறுப்புக் கேபிள் கடையின் மாடியில் நிற்கிற டிஷ்ஷிலிருந்து வந்தது. குண்டான் சும்மா சுற்றியது, படம் வந்தது சுவர் வழியாக. நான் வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊம் தன் டிஷ்ஷின் இரட்டை எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்குகிற மூக்கு) சும்மா இருந்த இன்னொரு முனையிலிருந்து எங்களுக்கு ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்தார். எங்கள் டிகோடரில் மாட்டியதும் தமிழ்ச் சேனல் வந்துவிட்டது. மாமியார் அவருக்கு முறுக்கு கொடுத்தார், அவர் ரஸ்க் கொடுத்தார். ஆக டிகோடரில் கோளாறு இல்லை, மாதக் கட்டணத்தில் கோளாறு இல்லை. கோளாறு குண்டானில்தான்.

வீட்டுக்கு வந்ததும், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் டிஷ் மாட்டுகிற வேலை பார்க்கிற மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அடிப்பக்கத்தைத் திருப்பி, கடையின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். அடியில் அசல் லேபிள்: ஆஸ்ட்ரா 19.2, ஆஸ்ட்ரா 28.2, ஹாட்பேர்ட் 13. மூன்றும் ஐரோப்பாவுக்கு ஒளிபரப்புகிற சாட்டிலைட். அங்கே கேரவன் வைத்திருப்பவர்களுக்காகச் செய்த சாமான். இங்கே நமக்கு டிஎஸ்டிவி, ஓப்பன்வியூ என்கிற டிஷ் டிவி சேவைகள் வருவது கிழக்கு 68.5 டிகிரியில் நிற்கிற சாட்டிலைட்டிலிருந்து. குண்டானின் பட்டியலில் அது இல்லவே இல்லை. ஜன்மத்துக்கும் சுற்றினாலும் கிடைக்காது. 'புரோகிராம்' செய்ய 500 ரேண்ட் வாங்கினானே, எதைப் புரோகிராம் செய்தான்?

அதற்கப்புறம்தான் உண்மையான கூத்து. முதல் தடவை போனபோது "டிகோடர் பிரச்சனைண்ணா" என்றார். ஊமின் கேபிளில் ஓடிய வீடியோவைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது. "ஜொகன்னஸ்பர்க் டெக்னீஷியன் பார்க்கணும், கூரியர் செலவு உங்களோடது." இரண்டாவது தடவை அவர் இல்லை. கவுண்டரில் ஒரு பெண். "பாஸ் கோயில் வேலையா இருக்கார், ஈஸ்டர் முடியட்டும்." மாரியம்மனையும் இதில் இழுத்துவிட்டார்கள்! நேற்று மூன்றாவது தடவை, அதே பெண். "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு." பில்லின் அடியைக் காட்டினாள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோளாறான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பது வாங்கியவன் விருப்பம், பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் அது செல்லாது என்றேன். "ஈமெயில் போடுங்கண்ணா" என்றாள். ஏற்கெனவே நான்கு போட்டிருக்கிறேன்.

13,800 ரேண்ட். மகளின் பள்ளிக்கூடப் பயணத்துக்கு எடுத்து வைத்த காசும் அதில் சேர்த்தி.

டிவிக்கு வழி சொல்கிறேன் என்றேன் இல்லையா, எழுதுகிற பொறுமை இப்போது இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண 80 செ.மீ. டிஷ், முக்காலி, வீட்டு டிகோடர், இது போதும். இதற்கெல்லாம் குண்டான் விலையில் கால்வாசிகூட ஆகாது என்கிறான் மச்சான். டிஷ் வடகிழக்கைப் பார்க்க வேண்டும். மலைப் பக்கம் உண்மையான வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 60 டிகிரி, தரையிலிருந்து வானத்தைப் பார்க்கிற கோணம் சுமார் 36 டிகிரி. ஆனால் காந்த ஊசி இங்கே ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே விலகிக் காட்டும், அதனால் ஊசியை நம்பினால் 85 கிட்ட வைக்க வேண்டும், கிட்டத்தட்ட நேர் கிழக்கு. கேப் டவுன் போனால் வானத்தைப் பார்க்கிற கோணம் 24க்கு இறங்கிவிடும், அங்கே சின்ன மரம்கூட மறைக்கும். ஊம் சொன்ன குறுக்குவழி: முகாம் ஆபீஸ் கூரையில் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதே பக்கம் திருப்பி வை. பதினாறு வருஷமாக டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எல்லா வீட்டு டிஷ்ஷும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

தானாகச் சுற்றுகிற டிஷ்தான் வேண்டும் என்றால் 68.5 அதில் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். கடைக்காரரின் வாயை நம்பாதீர்கள். வெட்டவெளியில், உங்கள் டிகோடரை மாட்டி, வேறு எந்தக் கேபிளும் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டில் கட்டுங்கள், மெஷின் வேலை செய்யவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். தமிழில் பேசினால் பதில் பேசுங்கள், டீ குடியுங்கள், பர்ஸை மட்டும் எடுக்காதீர்கள்.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அதற்கு முன்னால் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் போன். கடைப் பெண்தான். "அண்ணா, பாஸ் கேக்கச் சொன்னார். அந்த டிஷ்ஷை நாங்களே 4,000க்கு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்து யாருக்கு விற்கப் போறீங்க?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.