டி டிரைவில் கேம், சி டிரைவில் கணக்கு: எந்த லாஞ்சர் சொன்ன இடத்தில் இருக்கும்?

விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி (சி டிரைவ்), கேம்களுக்கு ஒரு பெரிய டிரைவ் (டி டிரைவ்). நிறைய பேரின் கணினி இப்படித்தான் இருக்கிறது, என்னுடையதும் அப்படித்தான். இந்த அமைப்புக்கு எந்த லாஞ்சர் (கேம்களை வாங்கி, நிறுவி, திறக்க உதவும் மென்பொருள்) ஒத்துவருகிறது என்று பார்த்துத்தான், இனி பெரிய கேம்களை எங்கே வாங்குவது என்று முடிவு செய்தேன். ஸ்டீம் என்ற லாஞ்சரின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை, தள்ளுபடி, வாராவாரம் வரும் இலவச கேம் எல்லாம் எல்லோரும் அலசித் தீர்த்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

லாஞ்சர்கள் ஏன் சி டிரைவை விடமாட்டேன் என்கின்றன? 2007-இல் விஸ்டா வந்ததிலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எதையாவது எழுத வேண்டுமென்றால் அட்மின் அனுமதி கேட்கிறது விண்டோஸ். லாஞ்சரோ அடிக்கடி தன்னையே அப்டேட் செய்துகொள்ளும் ஆசாமி. ஒவ்வொரு முறையும் அனுமதிப் பெட்டி எட்டிப்பார்த்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால் சில லாஞ்சர்கள் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு சர்வீஸைப் பின்னணியில் ஓட்டுகின்றன. வேறு சில, சி டிரைவில் பயனருக்கென்றே இருக்கும், அனுமதியே தேவைப்படாத ஆப்டேட்டா ஃபோல்டரில் குடியேறிவிடுகின்றன. இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் 'எங்கே நிறுவட்டும்' என்றுகூடக் கேட்காது. காரணம் நியாயமானதுதான். ஆனால் இடம் தீர்ந்துபோன சி டிரைவுக்கு நியாயம் புரியாது.

உண்மையில் லாஞ்சர் எங்கே உட்காருகிறது என்பது பெரிய விஷயமே இல்லை, அது சில நூறு எம்பியில் முடிந்துவிடும். எந்த கேம் எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகத்தை அது எங்கே வைத்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவும் நாளில் இது தெரிந்துவிடும். சி டிரைவ் துடைக்கப்பட்டுவிட்டது, டி டிரைவில் 100 ஜிபி கேம் அப்படியே இருக்கிறது. லாஞ்சர் அதை அடையாளம் காணுமா, இல்லை முதலிலிருந்து டவுன்லோட் செய்யச் சொல்லுமா?

ஸ்டீம் இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. நிறுவும்போதே எந்த டிரைவ் என்று கேட்கும். ஒவ்வொரு லைப்ரரியிலும் (கேம்களை வைக்க நாம் தேர்ந்தெடுக்கும் இடம்) ஸ்டீம்ஆப்ஸ் என்றொரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் காமன் ஃபோல்டரில் கேம்கள் இருக்கும், வெளியே ஒவ்வொரு கேமுக்கும் 'ஆப்மேனிஃபெஸ்ட்' என்று தொடங்கும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். கணக்கு கேமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால், விண்டோஸ் போனாலும் கணக்கு போகாது. புது விண்டோஸில் டி டிரைவிலுள்ள ஸ்டீம் எக்ஸிஇ ஃபைலை இருமுறை சொடுக்கினால் போதும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தனக்கு வேண்டிய பதிவுகளையும் சர்வீஸையும் அதுவே அமைத்துக்கொண்டு, பழைய கேம்களை நிறுவப்பட்டவையாகவே காட்டும். முதல் முறை கேமைத் திறக்கும்போது விஷுவல் சி++ மாதிரியான துணைப் பொருட்களை மறுபடி நிறுவும், அவ்வளவுதான். கேமை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் உள்ளேயே வசதி இருக்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒரு டிரைவுக்கு ஒரு லைப்ரரிதான், டி டிரைவிலேயே இரண்டு வைக்கிறேன் என்றால் விடாது. ஸ்டீமை டி-யில் போட்டாலும் அதன் உள்ளிருக்கும் பிரவுசரின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சி டிரைவின் ஆப்டேட்டாவுக்குள்தான் போகும். சேவ் ஃபைல்கள் வேறு கதை: பல கேம்கள் அவற்றை டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ வைக்கும். அவற்றை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் சேவ் இல்லாத கேம் என்றால், விண்டோஸை அழிக்கும் முன் அவற்றை நாமே எடுத்துவைக்க வேண்டும். இது எந்த லாஞ்சருக்கும் பொருந்தும்.

எபிக் கேம்ஸ் லாஞ்சரும் கேமை வேறு டிரைவில் போட விடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கை சி டிரைவின் புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள், மேனிஃபெஸ்ட்ஸ் என்ற இடத்தில் வைக்கிறது. விண்டோஸை மாற்றினால் அது காலி, டி டிரைவில் கேம் அநாதையாகிவிடும். ஊரறிந்த மாற்றுவழி ஒன்று உண்டு: பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றிவைத்து, அதே இடத்தில் டவுன்லோடைத் தொடங்கி, கொஞ்சம் ஓடியதும் நிறுத்தி, பழைய ஃபைல்களை உள்ளே கொண்டுவந்து, மறுபடி ஓடவிட வேண்டும். இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். வேலை நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் இந்தச் சடங்கைச் செய்ய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஆப் 2021 வாக்கில் நிறைய மாறியது. அதற்குப் பிறகு எக்ஸ்பாக்ஸ்கேம்ஸ் என்ற திறந்த ஃபோல்டரில், நாம் சொல்லும் டிரைவில் கேம்கள் போகின்றன. அதற்கு முன்பு பெரும்பாலும் விண்டோஸ்ஆப்ஸ் என்ற பூட்டிய ஃபோல்டருக்குள்தான். அதன் உரிமையாளர் நாம் இல்லை, டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற, விண்டோஸின் சொந்தப் பயனர். பழைய விண்டோஸ் போன பிறகு டி டிரைவில் இந்த ஃபோல்டர் மிஞ்சியிருந்தால், அட்மினாக இருந்தாலும் உரிமையை நம் பெயருக்கு மாற்றாமல் அழிக்க முடியாது. நம் டிரைவில் நமக்கே அனுமதி இல்லை என்பது எனக்கு ஒத்துவரவில்லை. டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிரைவ் ஃபார்மட்) ஆக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை, எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் உள்ள வெளி டிரைவ் எடுபடாது. மாதச் சந்தாவில் ஒரு கேமை விளையாடி முடித்துவிட்டுத் தூக்கிவிடுபவர்களுக்கு இதெல்லாம் உறுத்தாது.

ஜிஓஜி என்ற கேம் கடைதான் ஸ்டீமுக்கு நேரான போட்டி. அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலருக்கு லாஞ்சரே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் போடலாம். அதன் கேலக்ஸி லாஞ்சரில்கூட இருக்கும் ஃபோல்டரைக் காட்டி 'இதுதான்' என்று சேர்த்துவிடலாம். நான் அங்கே வைத்திருப்பவை பெரும்பாலும் பழைய, சின்ன கேம்கள். 100 ஜிபி கேமோடு இதே நிம்மதி கிடைக்குமா என்று என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

மைன்கிராஃப்ட் ஜாவா விளையாடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். லாஞ்சரில் கேம் ஃபோல்டரை மாற்றலாம், உலகங்கள் டி-க்குப் போகும். ஆனால் வெர்ஷன்களும் அசெட்களும் ஆப்டேட்டாவிலேயே தங்கிவிடும். இதற்கு ஜங்ஷன் லிங்க் (ஒரு ஃபோல்டரைத் திறந்தால் இன்னொரு இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு) உதவும்: லாஞ்சரை மூடிவிட்டு, டாட் மைன்கிராஃப்ட் ஃபோல்டரை டி-க்கு நகர்த்தி, பழைய இடத்தில் அதே பெயரில் எம்கேலிங்க் கட்டளையால் ஒரு ஜங்ஷன் போட்டால், லாஞ்சருக்கு வித்தியாசமே தெரியாது. இதே வித்தையை எக்ஸ்பாக்ஸின் பூட்டிய ஃபோல்டரில் காட்டப் போகாதீர்கள், அனுமதிகள் குழம்பிவிடும்.